நாலணா டிக்கெட்டும் ரெண்டு பங்கு வண்டிச் சத்தமும்

எங்கள் ஊர் அம்மையார்குப்பத்துக்கு ரயில் கிடையாது. தறிச்சத்தம் உண்டு, மலை உண்டு, எட்டுகிற தூரத்தில் ஆந்திரா உண்டு. ரயிலைப் பார்க்கணும்னா இருபது கிலோமீட்டர் வாக்கில் திருத்தணிக்குப் போகணும். அப்படிப்பட்ட ஊரின் சேரியிலிருந்து ரயில் டிக்கெட்டின் விலையைப் பற்றி ஒருவன் வரலாறு எழுத வருவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் ரயில் எங்கள் வீட்டுக்குள் வந்தது எங்கள் ஆயாவின் சுருக்குப்பை வழியாக. வெத்தலைக்கும் பாக்குக்கும் நடுவே ஒரு பழைய அட்டை டிக்கெட்டை அது பல வருஷம் வைத்திருந்தது. எழுத்து அழிந்து, மூலை மழுங்கி, வெத்தலைக்கறை ஏறிய டிக்கெட். "ஏன் ஆயா இத வெச்சினுக்கீற?" என்று கேட்டால், "காசு குட்த்து வாங்கனதுடா, எவனும் வாணாம்னு சொல்லல" என்று சொல்லும்.

ஆவணி, புரட்டாசியில் சீத்தாப்பழம் பழுக்கும். மற்ற மாசங்களில் ஈச்சமாறு, புளி. நடுராத்திரி கூடையைத் தலைக்கேற்றி நாலைந்து பொம்பளைகள் சேர்ந்து நடந்தால், விடிகிற நேரத்துக்குத் திருத்தணி ஸ்டேஷன். அங்கிருந்து அரக்கோணம், 13 கிலோமீட்டர். "நாலணா இருந்தா அரக்கோணம்டா" என்பது ஆயாவின் கணக்கு. டிக்கெட் மூணணாவா நாலணாவா என்று அது நிச்சயமாகச் சொன்னதில்லை. ஆனால் அந்தக் காசை ஜன்னலில் நீட்டியபோது உள்ளே இருந்தவர் தூர நின்று வாங்கவில்லை, தரையில் வைக்கச் சொல்லவில்லை, எந்தத் தெரு என்று கேட்கவில்லை என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் நிச்சயமாகச் சொல்லும். ஊரில் டீக்கடையில் காசைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியிருந்த காலம் அது.

ரயில் கட்டணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மைலுக்கு எத்தனை பை, கம்பெனிக்கு எவ்வளவு லாபம், அரசுக்கு எவ்வளவு நஷ்டம் என்றுதான் எழுதுகிறார்கள். அந்தக் காசுக்கு யாருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அந்தக் கணக்கில் வருவதில்லை. சேரிக்காரனுக்கு அது வெறும் 13 கிலோமீட்டர் அல்ல. எங்கள் வட்டாரத்தில் எல்லா சாதிக்கும் ஒரே விலையாக விற்கப்பட்ட முதல் சரக்குகளில் ஒன்று ரயில் டிக்கெட் என்பது என் எண்ணம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அரக்கோணம் அந்தத் தடத்தில் இருக்கிறது. அரக்கோணத்திலிருந்து வடமேற்கே திருத்தணி, நகரி, ரேணிகுண்டா என்று போன இன்னொரு தடம் 1871இல் ராய்ச்சூரில் பம்பாய் ரயிலைத் தொட்டது. மண் சுமந்தவர்கள், கருங்கல் உடைத்தவர்கள் யார் என்று வெள்ளைக்காரன் கம்பெனியின் ஆண்டறிக்கை பேர் சொல்லவில்லை. கூலி என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது.

ரயில் வந்த புதிதில் ஒரு சந்தேகம் இருந்தது. பறையனும் பாப்பானும் ஒரே பெட்டியில் உட்காருவார்களா, சாதிக்காரர்கள் ஏறுவார்களா? ஏறினார்கள். சாதிக்கொரு பெட்டி வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. கம்பெனி சாதிக்கொரு பெட்டி விடவில்லை, வகுப்புக்கொரு பெட்டிதான் விட்டது. இந்த 'வகுப்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தக் காலத்துத் தமிழில் வகுப்பு என்றால் சாதி. வகுப்புவாரி பிரதிநிதித்துவம், வகுப்புவாரி உத்தரவு என்றெல்லாம் நாம் படிக்கிற வகுப்பு அதுதான். ரயிலிலும் அதே சொல், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. ஒரு வித்தியாசம் உண்டு. ரயிலின் வகுப்பைக் காசு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். மற்றதை மாற்ற எந்த ஜன்னலிலும் டிக்கெட் விற்கவில்லை.

1853இல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகையில் எழுதும்போது, ரயிலால் வரப்போகிற நவீனத் தொழில், சாதியின் அடித்தளமான பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். ரயில் வந்து ஒன்றரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. கரைந்ததா என்று தோழர்களைக் கேட்டால் விவாதம் நீளும். நான் பெட்டிக்குள் நடந்ததை மட்டும் பார்க்கவில்லை. பெட்டிக்கு இந்தப் பக்கம், அதாவது சேரியிலிருந்து ஸ்டேஷன் வரைக்குமான தூரத்தையும் பார்க்கிறேன். மார்க்ஸ் பார்க்காத தூரம் அது.

ஆயா ஏன் இருபது கிலோமீட்டர் நடந்தது? வண்டி இல்லாமலா? மாட்டு வண்டி இருந்தது. திருத்தணி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா நின்றது. "ஜட்காகாரன் கூடையப் பாப்பான், அப்புறம் மொகத்தப் பாப்பான், அப்புறம் குருதைய ஓட்டினு பூடுவான்." சில நாள் ஏற்றிக்கொள்வானாம், ரெண்டு பங்கு சத்தம் கேட்பானாம், பின்னால் காலைத் தொங்கப் போட்டு உட்காரச் சொல்வானாம். வண்டிக்கூலிக்கு எங்கள் பக்கம் 'வண்டிச் சத்தம்' என்று பேர். ரயிலுக்கு நாலணா, ஜட்காவுக்குப் பேர் போட்ட விலை கிடையாது. ஆளைப் பார்த்து விலை.

இது ஆயாவின் கதை மட்டுமல்ல. அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று ஒரு சின்னச் சரிதை எழுதி வைத்திருந்தார். அது புத்தகமாக வெளிவந்தது 1990இல். அதன் முதல் சம்பவம் 1901இல் நடக்கிறது. சாதாராவில் இருந்த சிறுவன் பீமராவ், அண்ணன், அக்கா பிள்ளை ஆகியோர் கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். புதுச் சட்டை. ரயிலில் ஒரு தொந்தரவும் இல்லை. டிக்கெட் வாங்கினார்கள், ஏறினார்கள், மசூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். கூப்பிட்டுப் போக ஆள் வரவில்லை. நல்ல உடுப்பைப் பார்த்து பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்துக் கனிவாகப் பேசிய ஸ்டேஷன் மாஸ்டர், மகார் என்று சொன்னதும் முகம் மாறிப் போகிறார். வாசலில் நிறைய மாட்டு வண்டி. ஒருவனும் ஏற்ற மறுக்கிறான். ரெண்டு பங்கு கூலி தருகிறோம் என்றாலும் மறுப்பு. கடைசியில் ஒருவன் ஒத்துக்கொள்கிறான். ரெண்டு பங்கு கூலியும் கொடுக்கணும், வண்டியை இந்தப் பிள்ளைகளே ஓட்டணும், வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவான் என்பது பேச்சு.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆயா அம்பேத்கரைப் படித்ததில்லை, அதுக்கு எழுத்தே தெரியாது. ஆனால் மகாராஷ்டிரத்து மசூரிலும் எங்கள் திருத்தணியிலும் ஸ்டேஷன் வாசல் ஒன்றுதான். ரயில் டிக்கெட்டுக்கு அச்சடித்த விலை. வாசலைத் தாண்டினால் சாதியின் விலை, அதுவும் ரெண்டு பங்கு. குறுகிய தூரத்துக்குத்தான் கூடுதல் காசு என்ற விசித்திரம் எங்கள் ஆட்களின் பயணக் கணக்கில் ரயில்வே வாரியத்துக்கு முன்பே இருந்தது.

ஸ்டேஷனுக்கு உள்ளேயும் எல்லாம் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. டிக்கெட் ஒன்று, சோறு வேறு. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் 'பிராமணாள்', 'இதராள்' என்று பலகை தொங்கியது. பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் விடாமல் எதிர்த்து, 1941இல்தான் அந்தப் பிரிவினை போனது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்த 'இதராள்' என்ற சொல்லுக்குள் நாம் இருந்தோமா என்று ஒரு தடவை ஆயாவைக் கேட்டேன். அது வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "நாங்க கூய்ப்பானைய கையோட எட்த்தும் போவோம்டா." வரலாறு எழுதுகிற நண்பர்கள் இந்தச் சிரிப்பை எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பார்கள் என்று தெரியவில்லை.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வண்டி முழுக்கக் காவடி. டிக்கெட் எல்லாரையும் மலையடிவாரம் வரை கொண்டுவந்து இறக்கியது. அதற்கு மேல் 365 படி இருக்கிறது. அதன் உச்சியில் இருக்கிற கதவு டிக்கெட்டுக்குத் திறக்கவில்லை. மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல்தான் வந்தது. ரயில் வந்து முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து.

காசின் மதிப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களின் வரலாறு சில்லறையிலேயே நடந்திருக்கிறது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை, காலணாவுக்கு ஒரு பைசா. 1907 ஜூனில் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து பத்திரிகை தொடங்கியபோது வைத்த பேரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பேராக வைத்தார். மறு வருஷம் 'தமிழன்' ஆனது. மூன்றாம் வகுப்பில் மைல் கட்டணமும் அந்நாளில் பை கணக்கில்தான். பண்டிதரின் பத்திரிகைக்குச் சென்னைக்கு வெளியே பலமான வாசகர் கூட்டம் கோலார் தங்கவயலில் இருந்தது. வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து சுரங்க வேலைக்குப் போன சனங்கள் ஜோலார்பேட்டை, பௌரிங்பேட்டை வழியாக மாரிக்குப்பத்தில் போய் இறங்கினார்கள். ஆள் போன அதே தண்டவாளத்தில் பத்திரிகையும் போயிருக்கும். பைசாவில் விற்ற எழுத்து, பை கணக்கில் விற்ற பயணம் இந்த ரெண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் அந்தக் காலத்துத் தலித் அரசியலைப் புரிந்துகொள்ள முடியாது என்பேன்.

1957 ஏப்ரல் 1 அன்று நயாபைசா வந்தது. அணா செத்தது. நாலணாவுக்கு 25 காசு, அது சுளுவு. ஓரணாவுக்கு ஆறேகால் காசு; கால் காசுக்கு எங்கே போவது? ஆறு காசு என்று சர்க்கார் அட்டவணை போட்டது. ரெண்டணா 12, மூணணா 19. ஓரணா ஓரணாவாக மூணு பேரிடம் பழம் விற்றால் 18 காசு, அதே மூணணாவை மொத்தமாகக் கேட்டால் 19 காசு. அந்த ஒரு காசு வித்தியாசத்தில் அரக்கோணத்து வாங்குகிறவர்கள் தன்னை எத்தனை தடவை ஏமாற்றினார்கள் என்று ஆயா கடைசிவரை கணக்குச் சொல்லும். எழுத்துத்தான் தெரியாது, கணக்கு தெரியும்.

அதற்குப் பின்னால் எல்லை மாறியது. 1953இல் ஆந்திரா பிரிந்தபோது எங்கள் பக்கம் ஆந்திராவில் இருந்தது. ம.பொ.சி. முதலானவர்களின் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. போர்டில் தெலுங்கு போய்த் தமிழ் வந்தது. சேரி இருந்த இடத்திலேயே இருந்தது. ரயிலுக்கு மட்டும் அந்தக் கோடு தெரியாது. பஸ்ஸில் எல்லை தாண்டினால் வேறு சர்க்கார், வேறு கட்டணம். ரயிலில் பொன்பாடி தாண்டினால் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை, அவ்வளவுதான். நாட்டிலேயே நீளமான ஸ்டேஷன் பேர்களில் ஒன்று, ஏதோ ஒரு ராஜுவின் பேர். சின்னத் தூரத்துக்கு நீளமான பேர் போட்ட டிக்கெட். 2019இல் சென்னை சென்ட்ரலுக்குப் புரட்சித் தலைவரின் முழுப் பேரையும் வைத்தார்கள். இப்போது எங்கள் தடத்தில் அந்த முனையில் ஒரு நீளப் பேர், இந்த முனையில் ஒரு நீளப் பேர். நடுவே தண்டவாளம் போட்டவன் பேரில் ஒரு ஸ்டேஷனும் இல்லை.

1974இல் மூன்றாம் வகுப்பை எடுத்துவிட்டார்கள். எடுத்தது பேரைத்தான். மூன்றாம் வகுப்பில் போன சனம் இரண்டாம் வகுப்பு என்று எழுதிய பெட்டியில் அதே நெரிசலில் போனது. எங்கள் நைனா இதைக் கேட்டு, "அப்ப நாமளும் செகண்ட் கிளாஸ் ஆயிட்டோமா?" என்றாராம்.

நான் காலேஜ் படிக்கப் போனது 1980களின் நடுவில். மாணவர் சலுகை சீசன் டிக்கெட். சீசன் டிக்கெட்டின் கணக்கு ஒரு அதிசயம். ஒரு மாசம் தினமும் போய் வரலாம், விலை சுமார் பதினைந்து தடவை போகிற காசு. ஏழை இந்தியாவில் சர்க்கார் கொடுத்த பெரிய மானியங்களில் ஒன்று இந்தப் பாஸ் என்பேன். இதை நம்பித்தான் திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர் சனம் மெட்ராஸில் வாடகைக்கு வீடு பிடிக்காமல் மெட்ராஸில் வேலை பார்த்தது. மெட்ராஸில் சேரிக்காரனுக்கு யார் வீடு கொடுத்தான் என்பதையும் சேர்த்து யோசித்தால் இந்தப் பாஸின் விலை உங்களுக்கு விளங்கும்.

சீசன்காரர்கள் ஒரு கூட்டம். ஒரே பெட்டி, ஒரே இடம், துண்டு போட்டுப் பிடித்த சீட்டு, சீட்டாட்டம், முருகன் பாட்டு. எனக்கும் ஒரு இடம் கிடைத்தது. ஆறு மாசம் எல்லார் டிபன் பாக்ஸிலும் எல்லார் கையும் போகும். புளிசோற்றை நான் கொண்டுபோனால் ஒருவர் விரும்பிச் சாப்பிடுவார். ஒருநாள் அவரே கேட்டார், "தம்பி, அம்மையார்குப்பத்துல எந்தப் பக்கம்?" எங்கள் ஊரில் நெசவுக்காரர் தெரு எது, ரெட்டியார் தெரு எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, சொந்தம் இருந்ததாம். "காலனி" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை, எழுந்து போகவில்லை. மறுநாள் வயிறு சரியில்லை என்றார். அதற்கு அடுத்த நாளும் சரியில்லை. மூணு வருஷம் அதே சீட்டில் எனக்கு இடம் விட்டார், ஒரு வாய் சோறு எடுக்கவில்லை. டிக்கெட் உட்கார்கிற உரிமையைத் தரும். அவ்வளவுதான் தரும்.

இப்போதைய கட்டணத்துக்கு வருகிறேன். இதில் உள்ள கோணல்கள் ரயிலில் தினம் போகாதவர்களுக்குத் தெரியாது. சென்னை லோக்கலில் குறைந்த டிக்கெட் 5 ரூபாய். சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜுக்கும் 5, அம்பத்தூருக்கும் 5. வழியனுப்ப வந்தவனுக்குப் பிளாட்பாரம் டிக்கெட் 10. போகிறவனுக்கு 5, போகாதவனுக்கு 10! டிக்கெட் இல்லாமல் மாட்டினால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய், அதாவது அந்த அஞ்சு ரூபாய்க்கு ஐம்பது பங்கு. ரெண்டு பங்கு கேட்ட ஜட்காக்காரன் பாவம் என்று தோன்றும். லோக்கல் அல்லாத பாசஞ்சர் வண்டியில் குறைந்த கட்டணத்தை 2015 நவம்பரில் 5இலிருந்து 10 ஆக்கினார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு நிறுத்திய பாசஞ்சர்களைத் திரும்ப விட்டபோது 'ஸ்பெஷல் எக்ஸ்பிரஸ்' என்று பேர் மாற்றிக் குறைந்த கட்டணம் 30 ரூபாய் என்றார்கள். அதே பெட்டி, அதே நிறுத்தம், அதே தாமதம். பக்கத்து ஊருக்குக் கூலி வேலைக்குப் போகிற பொம்பளை போக 30, வர 30 கொடுத்தால் கையில் என்ன மிஞ்சும்? 2024 பிப்ரவரியில்தான் அது பழையபடி 10 ஆனது. நாலு வருஷம் போராடியது யார், எத்தனை பேர் வேலையை விட்டார்கள் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

2014 ஜூனில் கட்டணம் ஏற்றியபோதும் இப்படித்தான். சீசனுக்குப் பதினைந்து தடவைக்குப் பதில் முப்பது தடவைக்கான காசு என்றார்கள். பம்பாயில் எதிர்ப்புக் கிளம்பியது, பின்வாங்கினார்கள். 80 கிலோமீட்டர் வரை இரண்டாம் வகுப்புக்கு உயர்வு இல்லை என்றும் சொன்னார்கள். சென்ட்ரலிலிருந்து திருத்தணி சுமார் 82 கிலோமீட்டர். எந்தக் கோடு போட்டாலும் எங்கள் ஊர் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுவது பழக்கமாகிவிட்டது.

இந்தக் கட்டணங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2009இல் மம்தா பானர்ஜி ரயில்வே அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த 'இஜ்ஜத்' சீசன். 100 கிலோமீட்டர் வரை மாசம் 25 ரூபாய். இஜ்ஜத் என்றால் மானம், மரியாதை. மரியாதைக்கு 25 ரூபாய், நல்லது. ஆனால் மாச வருமானம் 1,500 ரூபாய்க்குள் என்று சான்று வாங்கி வரவேண்டும். எங்கள் அக்கா அப்போது துணி தைக்கிற கம்பெனிக்குத் தினம் போய் வந்துகொண்டிருந்தது. சான்றுக்காக ஒரு அலுவலகத்தில் மூணு நாள் நின்றது. மூணு நாள் கூலி போச்சு. நாலாம் நாள், "நல்ல பொடவ கட்டினுதான வந்துக்கீற" என்று அங்கே ஒருவர் சொன்னாராம். அக்கா திரும்பி வந்து முழு விலைக்கே சீசன் எடுத்தது. "மானத்த வாங்கப் போனா மானம் போவுது" என்று சொல்லிவிட்டுச் சோறாக்கப் போனது.

லோக்கல் கட்டணம் இன்னும் ஏறவில்லை என்பது உண்மை. 2020இலும் 2025இலும் மற்ற கட்டணங்களை ஏற்றியபோது புறநகர் வண்டியையும் சீசனையும் விட்டுவிட்டார்கள். திருத்தணியிலிருந்து சென்ட்ரல் வரை 82 கிலோமீட்டர் இருபது, இருபத்தைந்து ரூபாய்க்குள் முடிகிறது. ஊரிலிருந்து திருத்தணி ஸ்டேஷனுக்கு வருகிற இருபது கிலோமீட்டருக்கு பஸ், அது தவறினால் ஷேர் ஆட்டோ என்று அதைவிடக் கூடுதலாகச் செலவாகிற நாட்கள் உண்டு. 2021 மே மாசத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். அந்த பஸ் நேரத்துக்கு வந்தால் நல்லது. கடைசி லோக்கலில் இறங்குகிற பொம்பளைக்கு அந்த நேரத்தில் ஆட்டோதான். ஆயாவின் கணக்கு தலைகீழாக மாறவில்லை. நீண்ட தூரம் மலிவு, சின்னத் தூரம் ஆளைப் பொறுத்தது.

அக்கா மகள் இப்போது ஒரு கணினி கம்பெனிக்குப் போகிறாள். அவளுக்கும் சீசன் டிக்கெட், போனில் எடுக்கிறாள், அட்டை கிடையாது. பெண்கள் பெட்டியில் அவளுக்கும் ஒரு கூட்டம். சேர்ந்து சாப்பிடுகிறார்கள், பிறந்தநாளுக்கு பலூன் கட்டுகிறார்கள், படம் காட்டினாள். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது கேட்டேன்.

"எந்த ஊருன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"திருத்தணி ஸ்டேஷன் பக்கம்னு சொல்லுவேன் மாமா."

"ஸ்டேஷன் பக்கம் எங்கனு கேட்டா?"

"அதுக்குள்ள அரக்கோணம் வந்துடும்."